கண்டுபிடித்ததற்கு யார் காசு தருவது? – ஹெந்தளையில் சிறு எஞ்சின் திருத்தும் கூலி

களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஹமில்டன் கால்வாயின் இரு கரையிலும் கிடக்கிற ஊர் ஹெந்தளை. சிறு எஞ்சின் ஓடாத தொழில் இங்கே குறைவு. சந்தியில் ஓட்டோக்கள் நிற்கின்றன. 2013இல் திறந்த திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியும், அதற்கு வடக்கே உஸ்வெட்டகெய்யாவ வரையும், வெளியிணைப்பு மோட்டார் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் கிடக்கின்றன. கடைக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் 2022இல் வாங்கிய ஜெனரேட்டர் இருக்கிறது. முத்துராஜவெல சதுப்பின் தென் ஓரம் என்பதால் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். ஆகவே நீர் இறைக்கும் மோட்டரும் இருக்கிறது. புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வளவு வளவாகப் போய்ப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவை பழுதானால் போகிற இடம் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வேலை மேசையும் ஒரு வைஸும் எண்ணெய் ஊறிய நிலமுமாக இருக்கும் கராஜ். அங்கே திருத்துகிறவரை பாஸ் என்போம். அங்கிருந்து திரும்பும்போது பெரும்பாலானவர்களின் வாயில் வருகிற வசனம் ஒன்றுதான்: "பாஸ், இதுக்கா இவ்வளவு?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூலி கூடுதல் இல்லை. பல இடங்களில் செய்த வேலைக்குக் குறைவாகவே வாங்குகிறார்கள். அநியாயம் நடக்கிறது, ஆனால் அது கூலி என்ற வரியில் நடப்பதில்லை. சாமான் விலையில் நடக்கிறது, சொல்லாமல் விட்ட விஷயத்தில் நடக்கிறது. அதற்கு வழி திறந்துவிட்டவர்களில் வாடிக்கையாளர்களாகிய நாமும் உண்டு.

எஞ்சின் திருத்துகிற கூலி நியாயமா என்று தீர்ப்பது ஏன் இவ்வளவு கடினம்? மரக்கறி வாங்கினால் கண்ணால் பார்க்கலாம். சோற்றுக்கடையில் சாப்பிட்டால் வாய்க்குத் தெரிந்துவிடும். எஞ்சின் திருத்தத்தில் வேலை முடிந்த பிறகும் தெரியாது. மெஷின் ஓடுகிறது, ஆனால் மாற்றிய சாமானை உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டியிருந்ததா, துடைத்துப் போட்டிருந்தாலே ஓடியிருக்குமா என்பது திருத்தியவருக்கு மட்டுமே வெளிச்சம். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1973இல் இப்படிப்பட்ட பண்டங்களைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே என்ற நிலை அது. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமே வாகனத் திருத்தம்தான். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1970இல், ஜோர்ஜ் அக்கர்லொவ் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதே வேரிலிருந்து வந்தது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும் என்றார் அவர்; 2001இல் நோபல் பரிசும் பெற்றார். ஹெந்தளைக் கராஜ் விஷயத்தில் அந்த வாதத்தை நான் அப்படியே பொருத்திப் பார்க்கிறேன். நேர்மையாக வேலை செய்யும் பாஸுக்குத் தன் நேர்மையைக் காட்ட வழியில்லை என்றால், அவர் தொழிலை விட்டுப் போவார் அல்லது மற்றவர்களைப் போல ஆவார்.

இதைப் பற்றிய பழைய பரிசோதனை ஒன்று எனக்கு எல்லா நவீன ஆய்வுகளையும் விடப் பெரிதாகப் படுகிறது. 1941இல் ரீடர்ஸ் டைஜெஸ்ட் சஞ்சிகைக்காக இருவர் அமெரிக்காவின் 48 மாநிலங்களிலும் காரோட்டிப் போனார்கள். ஒவ்வொரு கராஜுக்கும் சற்று முன்னால் நிறுத்தி, எஞ்சினின் கொயிலிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றிவிடுவார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் கண்ணில் படக்கூடிய குறை அது. பிறகு தள்ளாடியபடி கராஜுக்குள் போய், என்னவென்று தெரியவில்லை என்பார்கள். மொத்தம் 347 கராஜ்கள். அவற்றில் 63 சதவீதமானவை இல்லாத குறையைச் சொன்னன, தேவையற்ற சாமானைப் போட்டன, அல்லது செய்யாத வேலைக்குக் காசு வாங்கின. இந்த எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மறுபக்கம். நேர்மையாக நடந்தவர்களில் பலர் கம்பியைச் செருகிவிட்டுக் காசே வாங்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். பொய் சொன்னவர் பிளக்குக்கும் கொயிலுக்கும் காசு வாங்கினார். உண்மை சொன்னவர், மூடியைத் திறந்து, குறையைக் கண்டுபிடித்து, சரியாக்கிவிட்டு, வெறுங்கையோடு நின்றார். சரியான அறிவுக்கு விலை இல்லை, தவறான சாமானுக்கு விலை உண்டு என்ற சந்தையில் யார் நிலைப்பார்? எண்பது வருடத்துக்கு மேலாகியும் ஹெந்தளையில் நடப்பது இதுதான். "பார்த்ததுக்கு மட்டும் காசா?" என்று கேட்கிற வாடிக்கையாளர், சாமான் மாற்றியதாகச் சொன்னால் மறுபேச்சின்றிக் கொடுக்கிறார். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருளுக்குக் கொடுக்க மனம் வருகிறது. கண்டுபிடித்ததற்குக் கொடுக்க வருவதில்லை. அப்படியானால் பாஸ் தன் கூலியை எங்கே ஒளிப்பார்? சாமான் விலைக்குள்தான்.

ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. அந்த மாதங்களில் கடை கடையாகத் தேடிச் சிறு பெற்றோல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற வீடுகளுக்கு அங்கிருந்து காசு வந்து ஜெனரேட்டராக இறங்கியது. 2023 பெப்ரவரிக்குப் பிறகு நாளாந்த மின்வெட்டு நின்றது. மெஷினும் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியது. ஆனால் காபரேட்டரின் கிண்ணத்தில் பெற்றோல் கிடந்தது. சில மாதம் அசையாமல் கிடந்தால் பெற்றோலின் இலேசான பாகம் ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகிவிடும். ஜெட்டின் துவாரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தது. அதில் அந்தப் பிசின் அடைத்துக்கொள்ளும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது நினைவிருக்கும். அப்படியொரு நாளில்தான் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் மெஷின் கிளம்பாது என்பது தெரியவரும்.

இதைத் திருத்த என்ன வேண்டும்? காபரேட்டரைக் கழற்றி, மிதவையை எடுத்து, ஜெட்டைத் திருகிக் கழற்றி, துவாரத்தைப் பெரிதாக்காமல் மெல்லிய கம்பியாலும் அழுத்தக் காற்றாலும் சுத்தமாக்கி, பழைய பெற்றோலை ஊற்றிவிட்டு, புதியது ஊற்றி, சுமையேற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மணித்தியால வேலை. சாமான் எதுவும் தேவையில்லை, மிஞ்சிப்போனால் ஒரு ரப்பர் வாஷர். இதற்குக் கூலி மட்டும் சொன்னால் "துடைச்சதுக்கு இவ்வளவா?" என்று கேட்பார்கள். "காபரேட்டர் போயிட்டுது, புதுசு போட்டேன்" என்றால் அதைவிடக் கூடிய தொகையைச் சத்தமின்றித் தருவார்கள். திறமைசாலி துடைக்கிறார், குறைந்த திறமைக்காரர் மாற்றுகிறார். நம்முடைய காசு இரண்டாமவருக்குப் போகிறது.

இனி அந்த ஒரு மணித்தியாலத்தின் விலை எவ்வளவாக இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் நான் வைத்துக்கொண்டவை. குறிப்பிட்ட எந்தக் கராஜின் கணக்கும் அல்ல. பாஸ் ஒருவர், உதவிக்கு ஒரு பையன். பாஸின் குடும்பம் நடக்க மாதம் 120,000 ரூபா, பையனுக்கு 60,000, இட வாடகை 40,000, மின்சாரமும் ஆயுதத் தேய்மானமும் தொலைபேசியும் 30,000 என்று வைப்போம். கூட்டினால் 250,000. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம், ஆக 200 மணித்தியாலம். ஆனால் 200 மணித்தியாலமும் கூலி விழுவதில்லை. வாசலில் வந்து நிற்பவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். சாமான் வாங்கப் பேலியகொட நெரிசலைத் தாண்டி மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தைக்குப் போய் வர வேண்டும். அதிலேயே அரை நாள் போகும். திருத்திய மெஷின் திரும்பி வந்தால் இலவசமாகப் பார்க்க வேண்டும். கூலி விழுகிற நேரம் பாதி என்றால் 100 மணித்தியாலம். 250,000ஐ நூறால் வகுத்தால் மணிக்கு 2,500 ரூபா. இலாபம் இன்னும் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கில் பையனின் சம்பளம் கூடுதல் என்று யாரும் சொல்ல முடியாது. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 30,000 ரூபா. அதன் மேல் தொழில்தருநர் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம் சேர்த்தால் 34,500. குறைந்தபட்சத்துக்குக் கொழும்பு அண்டிய பகுதியில் எந்தத் தேர்ந்த கையும் வராது.

வரவும் மாட்டார்கள், நிற்கவும் மாட்டார்கள். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாடு போனார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கட்டாரிலும் தென் கொரியாவிலும் வேலை இருக்கிறது. மொரட்டுவையில் ஜேர்மன் டெக் என்று எல்லோரும் சொல்லும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் தேசிய பயிலுனர் அதிகார சபையும் பையன்களைப் பயிற்றித் தருகின்றன. பயின்றவர்கள் கம்பனிக்கும் விமான நிலையத்துக்கும் போகிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே மிஞ்சுவது வயது போன பாஸும், கைவேலையாகப் பழகுகிற பையனும்தான். கூலி ஏறுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ரூபாவின் கதை எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகவே சொல்கிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். பெறுமதி சேர் வரி 8 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆனது. சிறு கராஜ் அந்த வரிக்குப் பதிவு செய்வதில்லை, ஆனால் வாங்குகிற சாமானில் அதைக் கட்டிவிட்டுத்தான் வருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. ஐந்து வருடமாகப் பழைய ஓட்டோவையே திருப்பித் திருப்பித் திருத்தினார்கள். மாற்றிவிடலாம் என்ற வழி அடைபட்டிருந்ததால், திருத்துபவர் சொன்ன விலைதான் விலை. அந்த ஐந்து வருடத்தில் நியாயமற்ற பில்கள் எழுதப்பட்டன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே காலத்தில் ஒரே எஞ்சினுக்கு 0.25 ஓவர் சைஸ், பிறகு 0.50, பிறகு 0.75 என்று பிஸ்டன் போட்டுப் போட்டு நூற்றுக்கணக்கான குடும்பங்களின் தொழிலைக் காப்பாற்றியவர்களும் இவர்களே.

சாமான் விலைக்கு வருகிறேன். கட்டுரையின் நடு இதுதான்.

பஞ்சிகாவத்தையில் ஒரே பிஸ்டன் ரிங் செட்டுக்கு மூன்று நான்கு விலை உண்டு. உற்பத்திக் கம்பனியின் ஒரிஜினல், இந்தியாவில் வேறு கம்பனி செய்தது, சைனா, பாவித்துக் கழற்றியது. பெட்டி ஒன்றுபோல இருக்கும். அச்சிட்ட எழுத்துக்கூட ஒன்றுபோல இருக்கும். கராஜுக்குச் சாமான்கடை கழிவு கொடுக்கும். அந்தக் கழிவு பாஸுக்கு உரியது என்றே நான் நினைக்கிறேன். போய்வந்த நேரத்துக்கும், தவறான சாமானை மாற்றி எடுக்கிற பொறுப்புக்கும் அது விலை. உலகம் முழுக்க இப்படித்தான். அநியாயம் தொடங்குவது அடுத்த படியில்: சைனாச் சாமானைப் போட்டு ஒரிஜினல் விலை வாங்குவது, பாவித்ததைப் புதிதென்பது, மாற்றாததை மாற்றியதாகச் சொல்வது. வாடிக்கையாளருக்கு ஏற்படும் நட்டம் அன்றோடு முடிவதில்லை. மட்டமான ரிங் சிலிண்டர் சுவரைக் கீறும். ஆறு மாதத்தில் சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க வேண்டி வரும். அப்போது லேத் கடைக்குத் தனிக் காசு.

இதைத் தடுக்க மிக எளிய வழி, கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்பது. தேய்ந்த ரிங், கறுத்த பிளக், வெடித்த டயபிரம் எல்லாம் கையில் வந்துவிட்டால், மாற்றினார் என்பதும் மாற்ற வேண்டியிருந்தது என்பதும் ஓரளவுக்குத் தெரிந்துவிடும். கலிபோர்னியா மாநிலம் 1971இலேயே வாகனத் திருத்தத்துக்கென்று தனிச் சட்டமும் தனிப் பணியகமும் அமைத்தது. வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு, அதைத் தாண்டினால் மறுபடி சம்மதம், கேட்டால் பழைய சாமான். சட்டத்தின் சாரம் இதுதான். விலையை அது நிர்ணயிக்கவில்லை. அது சரியான தீர்மானம் என்பேன். விலைக்கு உச்சவரம்பு போட்டால் கூலி குறையும், சாமான் விலை வீங்கும். தெரியாமையை அகற்றினால் விலை தன் இடத்துக்குத் தானே வரும்.

தெரியாமை எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்கு இன்னொரு ஆய்வு. மெகான் பஸ்ஸியும் சகாக்களும் அமெரிக்கக் கராஜ்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, ரேடியேற்றர் மாற்ற எவ்வளவு என்று கேட்கச் செய்தார்கள். விலை பற்றி எதுவும் தெரியாதவர்போலக் கேட்டபோது பெண்களுக்கு ஆண்களை விடக் கூடுதல் விலை சொல்லப்பட்டது. சந்தை விலை இவ்வளவு என்று தெரியும் எனக் காட்டிக்கொண்டதும் அந்த வேறுபாடு மறைந்துபோனது. ஒரு தொகையைச் சொன்ன மாத்திரத்தில்! நம் வீடுகளில் ஜெனரேட்டரையும் நீர் மோட்டரையும் கராஜுக்கு அனுப்புகிற அம்மாமார், தனியே இருக்கும் முதியவர்கள், சிங்களம் தடுமாறுகிறவர்கள் எல்லோரும் அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருந்த பெண்ணின் இடத்திலேயே நிற்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு போவது பேரம் பேசுவதற்காக அல்ல, ஏமாறாமல் இருப்பதற்காக.

பழக்கமான கராஜ் என்றால் பயமில்லை என்று நம்புகிறோம். ஹென்றி ஷ்னைடர் 2012இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்துவிடுகிறது. குறைகள் முன்கூட்டியே தெரிந்த ஒரு காரைக் கராஜ் கராஜாகக் கொண்டுபோனார். சில இடங்களில் மீண்டும் வரக்கூடிய உள்ளூர்க்காரராகவும், சில இடங்களில் ஊரைவிட்டுப் போகிறவராகவும் காட்டிக்கொண்டார். மீண்டும் வரக்கூடியவரிடம் சோதிக்கும் கட்டணத்தைக் குறைத்தார்கள். வேலையின் தரம் மாறவில்லை. இருந்த குறையைக் காணாமல் விடுவதும் இல்லாத குறையைச் சொல்வதும் இருவருக்கும் ஒன்றாகவே நடந்தன. இதில் ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது. எல்லாத் தவறும் ஏமாற்று அல்ல. பெரும்பகுதி திறமைக் குறைவாக இருக்கலாம். ஹெந்தளையில் "ஏமாத்திட்டான்" என்று சொல்லப்படும் பல சம்பவங்களில் நடந்தது, கண்டுபிடிக்கத் தெரியாத பையன் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்த்ததுதான். பிளக் மாற்றினார், கிளம்பவில்லை, கொயில் மாற்றினார், கிளம்பவில்லை, கடைசியில் காபரேட்டர். மூன்றுக்கும் நாம் கொடுத்தோம். சரியான கேள்வி இங்கே வேறு: குறையைத் தேடித் தவறிய சாமானின் விலை யாருடையது? என் தீர்ப்பில் அது கராஜுடையது. தேடுவதற்குக் கட்டணம் வாங்கட்டும், ஆனால் தவறான ஊகத்துக்கு வாங்கக் கூடாது.

காப்புறுதி உள்ள இடத்தில் இதெல்லாம் இன்னும் மோசமாகும். ஒஸ்திரியாவில் ருடோல்ஃப் கெர்ஷ்பாமரும் சகாக்களும் ஒரே குறையுள்ள கணினிகளைத் திருத்தக் கொடுத்தபோது, காப்புறுதி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதற்கே பில் ஏறத்தாழ 80 சதவீதம் ஏறியது. விபத்தான ஓட்டோவைக் கராஜில் விடும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

கடற்கரைக்கு வருவோம். படகு மோட்டாரில் கூலி நியாயம் என்ற கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. நமது கரையோரத்தில் வெளியிணைப்பு மோட்டார்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்ட் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340க்குப் பாய்ந்தபோது கடலுக்குப் போவதே கணக்குக்கு வராத நிலை வந்தது. அந்த வேளையில் மோட்டாரும் பழுதானால் வீட்டில் அடுப்பு எரியாது. உப்புத் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்விக்கிற மெஷின் இது. தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்தாலோ குழாயில் உப்பு படிந்தாலோ சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி எடுக்க வேண்டும், எல்லோராலும் முடிவதில்லை. திருத்த வருகிற மோட்டாரின் போல்ட்டுகள் அலுமினியத்தோடு ஒட்டிப்போய் இருக்கும். ஒரு போல்ட் முறிந்தால் பத்து நிமிட வேலை அரை நாளாகும்: துளையிட்டு எடுத்து, மறுபடி மரை வெட்ட வேண்டும். இப்படி நடக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. காலையில் சொன்ன தொகை மாலையில் இரட்டித்தால் கடற்றொழிலாளி கோபிப்பது இயற்கை. பாஸும் பொய் சொல்லவில்லை.

இங்கே நான் பாஸின் பக்கம் நிற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. போல்ட் முறிந்த கணமே தொலைபேசி எடுக்க வேண்டும். "முறிஞ்சிட்டுது, இவ்வளவு கூடும், செய்யவா விடவா?" என்று கேட்ட பிறகு எவ்வளவு வாங்கினாலும் அது நியாயம். கேட்காமல் வாங்கினால் குறைந்த தொகையும் அநியாயம்.

கரையோரத்தில் இன்னொன்றும் உண்டு, அது பில்லில் எழுதப்படுவதில்லை. கடன். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். மே மாதத்திலிருந்து சில மாதம் சிறு படகுக்குத் தொழில் குறைவு. மோட்டாரை அக்குவேறாகக் கழற்றித் திருத்துவதும் அந்த ஓய்வில்தான். அப்போது கையில் காசு இருக்காது. கடல் அடங்கி மீன் பட்ட பிறகு தருகிறேன் என்பார். பாஸ் சாமான்கடைக்கு உடனே கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு வட்டி எழுதுவதில்லை. சாமான் விலையில் ஏறும். காசு கொடுத்து வாங்குபவரும் அதே விலையைக் கட்டுகிறார். கடனுக்கு ஒரு விலையும் கைக்காசுக்கு ஒரு விலையும் வெளிப்படையாகச் சொன்னால் இருவருக்கும் மனக்குறை இராது.

வெள்ளம் வந்தால் எல்லாக் கணக்கும் குலைகிறது. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடும் களனி கங்கை பெருகியபோது கரையோர ஊர்கள் தண்ணீரில் கிடந்தன. மூழ்கிய எஞ்சினில் செய்யக் கூடாத முதல் காரியம் கிளப்பிப் பார்ப்பது. காற்று வடிகட்டி வழியே புகுந்த தண்ணீர் சிலிண்டரில் இருந்தால், அது அமுங்காது. கொனெக்டிங் ரொட் வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரைத் தள்ளி, பாலாகிப்போன ஒயிலை இரண்டு மூன்று முறை மாற்றி, வயர்களைக் காயவைத்து, ஓரிரு நாளுக்குள் ஓட்டிவிட்டால் பல மெஷின்கள் பிழைக்கும். பிந்தினால் பேரிங்கில் துரு ஏறும். அந்த நாட்களில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கராஜ் வாசலுக்கு வருகிறது. கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றுவது சந்தைக்கு நியாயமாக இருக்கலாம். நான் அதை ஏற்கமாட்டேன். ஒயில் மாற்றிக் காயவைப்பது திறமை குறைவாகவே வேண்டிய வேலை. அதற்கு அவசரத்தின் விலை வாங்குவது தண்ணீரில் கிடப்பவரிடம் வாங்குவது. இரவு பகலாக நின்று வேலை செய்ததற்கு மேலதிக நேரக் கூலி வாங்கட்டும், அது வேறு.

திறமைக்கு நம்மவர்கள் மதிப்புக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத தடைக் காலத்தில், மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் ஊர் மெக்கானிக்குகள். சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. சாமான் வராத இடத்தில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே கண்டுபிடிப்பும் கைவேலையும் மட்டுமே விற்பனைக்கு இருந்தன. அதற்கு மக்கள் கொடுத்தார்கள், வேலை தெரிந்தவரின் பெயர் ஊர் ஊராகத் தெரிந்திருந்தது. வசதி வந்த பிறகுதான் சாமானுக்கு மதிப்பு ஏறி, கைக்கு மதிப்பு இறங்கியது.

உலகம் போகிற திசையும் கவலை தருகிறது. வில்லியம் போமோல் 1960களில் காட்டியது இது: தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்யும் நேரம் குறைந்துகொண்டே போகும், ஆனால் ஒரு மனிதர் கையால் செய்கிற சேவையின் நேரம் குறையாது. ஆகவே பொருள் மலிவாகும், சேவை ஒப்பீட்டில் விலையேறும். சைனாவில் புல்வெட்டி செய்ய ஆகும் நேரம் சுருங்குகிறது; ஹெந்தளையில் காபரேட்டர் துடைக்க ஆகும் நேரம் அன்றும் இன்றும் ஒன்று. அமெரிக்காவில் மணிக்கு நூறு டொலருக்கு மேல் திருத்தக் கூலி சாதாரணமாகிவிட்டதால், மலிவான புல்வெட்டியைத் திருத்துவதற்குப் பதில் குப்பையில் போடுகிறார்கள். டொலர் தட்டுப்பாட்டில் விழுந்தெழுந்த நம் நாடு அந்த வழியில் போகக் கூடாது. ஒவ்வொரு திருத்தமும் இறக்குமதி செய்யாமல் விட்ட ஒரு மெஷின். இந்தியா 2022இல் திருத்தும் உரிமைக்கென்று வேலை தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதற்கு நெறிமுறை கொண்டுவந்தது. இலங்கையில் கம்பனிக்காரர் சாமானையும் வேலை விளக்கக் கைநூலையும் ஊர்க் கராஜுக்கு நியாயமான விலையில் தரவேண்டும் என்று ஒரு விதி வந்தால், போலிச் சாமானின் சந்தை தானாகவே சுருங்கும்.

சட்டம் இப்போதும் முழுக்க வெறுமையாக இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருள் வாங்கியவர் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்வேன் என்ற உறுதிமொழி, வாயால் சொல்லாவிட்டாலும், ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாகச் சட்டம் கொள்கிறது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் சீட்டே வாங்காதவர் எதை வைத்து முறையிடுவார்? ஓட்டோ ஓட்டுகிறவரும் படகுக்காரரும் மணித்தியாலத்தைக் காசாக எண்ணுகிறவர்கள். சீட்டு எழுதும்வரை நிற்கமாட்டார்கள். பாஸும் வரிக்காரருக்குப் பயந்து எழுதமாட்டார்.

எனவே சட்டத்துக்கு முன்னால் வழக்கம் மாற வேண்டும். ஒரு பாடசாலைக் கொப்பித் தாள் போதும். அதில் நான்கு வரி: பார்த்துக் கண்டுபிடித்த கட்டணம், கூலி, சாமானின் பெயரும் இனமும் விலையும், வெளியே லேத்துக்குக் கொடுத்தது. பார்த்த கட்டணத்தைத் திருத்தாமல் திரும்பக் கொண்டுபோனாலும் கொடுத்தே ஆக வேண்டும். இதற்கு முதலில் மனம் வைக்க வேண்டியவர்கள் நாம்தான். ஹெந்தளையில் ஐந்தாறு கராஜ்கள் கூடி, சாதாரண வேலைகளுக்கு, காபரேட்டர் சுத்தம், பிளக், ரிங், இம்பெல்லர், ஒயில் மாற்றல் ஆகியவற்றுக்கு, கூலியைப் பலகையில் எழுதி மும்மொழியிலும் தொங்கவிட்டால், மற்றவையும் எழுதத் தொடங்கும். கூலி பலகையில் இன்றைக்கு வாங்குவதை விடக் கூடுதலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். மொத்த பில் குறையும். நேற்றுவரை சாமான் விலைக்குள் ஒளிந்திருந்த கூலி, பாஸ் தலைநிமிர்ந்து கேட்கக்கூடிய கூலியாக வெளியே வரும். கண்டுபிடிக்கப் பழகிய பையனுக்குக் கட்டார் போகாமல் இங்கேயே இருக்க ஒரு காரணமும் கிடைக்கும்.